எட்டுக் கண்ணி வளையம்

நளினி இருட்டறையின் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் வெளிச்சம் வராதபடி பழைய லேப் கோட் ஒன்றைச் சுருட்டி அடைத்தாள். புற ஊதா விளக்கைப் போட்டாள். அவள் போட்டிருந்த கோட்டின் வெள்ளை நூல் பளீரென்று தெரிந்தது. மேசை மேல் கிடந்த காகிதத் துண்டு கூட ஒளிர்ந்தது. குப்பிக்குள் இருந்த தண்ணீர் மட்டும் வெறும் தண்ணீராகவே இருந்தது. கண்ணைக் கொஞ்சம் மூடியிருந்துவிட்டு மறுபடி பார்த்தாள். மங்கலாக, பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. இதை ஒளி என்று யாரிடமும் காட்ட முடியாது.

இந்த வாரத்தில் இது மூன்றாவது குப்பி.

டிசம்பரில் இதே அறையில் சந்தியா குப்பியை நீட்டியபோது இரண்டு பேர் முகமும் பச்சையாகிவிட்டது. "மேடம், பாருங்க மேடம்" என்று அந்தப் பெண் கத்தியதில் பக்கத்து ஆய்வகத்துப் பையன்கள் ஓடி வந்தார்கள். சந்தியா நளினியின் முதல் பிஎச்.டி. மாணவி. திருப்பதியில் இந்தப் பல்கலைக்கழகத்தில் நளினி வேலைக்குச் சேர்ந்து, காலி அறை ஒன்றைக் கெஞ்சி வாங்கி, அதை ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருப்பவள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது சொன்னால் எளிது. மூன்று கை கொண்ட ஒரு மூலக்கூறு. அதைத் தண்ணீரில் விட்டால் கைகளை ஆட்டிக்கொண்டே மிதக்கும். வாங்குகிற ஒளியெல்லாம் அந்த ஆட்டத்திலேயே வீணாகிவிடும். அதே தண்ணீரில் வளையம் போன்ற இன்னொரு மூலக்கூறைப் போட வேண்டும். எட்டுக் கண்ணிகள் சேர்ந்த வளையம். அதன் துளைக்குள் இரண்டு கைகள் ஒன்றாக நுழையும் அளவுக்கு இடம் இருக்கும். இந்தப் பக்கத்து மூலக்கூறு ஒரு கையை நுழைக்க, அந்தப் பக்கத்து மூலக்கூறு ஒரு கையை நுழைக்க, வளையம் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். யாரும் கோர்க்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் அவை தாமாகவே கோர்த்துக்கொண்டு தேன்கூடு மாதிரி விரிந்துகொண்டே போகும். ஒரே ஒரு மூலக்கூறு தடிமன் உள்ள தாள். கை அசைய முடியாமல் பிணைந்துவிட்டதால், வாங்கிய ஒளியை அந்தத் தாள் பச்சையாகத் திருப்பித் தரும்.

கட்டுரை எழுதி அனுப்பினார்கள். நல்ல பத்திரிகை. மதிப்பீட்டாளர் ஒருவர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, கடைசியில் ஒரு வரி வைத்திருந்தார்: புதிதாக இன்னொரு முறை செய்து, அளந்து காட்டுங்கள். ஜூன் முடிவதற்குள் காட்ட வேண்டும். நளினியின் வேலை நிரந்தரமாவதும் இந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

"நான் பாத்துக்கிறேன் மேடம்" என்றாள் சந்தியா. நான்கைந்து வாரம் கேட்கும்போதெல்லாம் "பண்ணிக்கினு இருக்கேன் மேடம்" என்றே சொன்னாள். புதன்கிழமை, காய்ச்சல், ஊருக்குப் போகிறேன் என்று ஒரு செய்தி வந்தது. அதோடு அவள் ஃபோன் அணைந்துவிட்டது.

அப்புறம்தான் நளினி தானே கலந்து பார்த்தாள். ஒளிரவில்லை.

இருட்டறையை விட்டு வெளியே வந்தபோது வெள்ளிக்கிழமை பிற்பகல் வெயில் கண்ணைக் குத்தியது. நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறந்து, கட்டுரையில் போட்டிருந்த நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்தாள். நூறு தடவை பார்த்த படங்கள். இப்போது இரண்டு படங்களில் ஒரே மடிப்பு இருக்கிற மாதிரித் தெரிந்தது. ஒன்றைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அதே மடிப்பு. சந்தியா ஒரே படத்தைத் திருப்பிப் போட்டு இரண்டாகக் காட்டியிருக்கிறாளா? டிசம்பரில் குப்பியைத்தானே பார்த்தோம், அதற்குள் என்ன போட்டாள் என்று பார்த்தோமா? பச்சையாக ஒளிரும் சாயம் எந்த அலமாரியில் இல்லை?

அப்படி நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை. சந்தியா சட்டென்று பேச்சை மாற்றியது, கதவை மூடிக்கொண்டு வேலை செய்தது, மதியம் சாப்பிட வராமல் இருந்தது என்று ஒவ்வொன்றாக வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

துறைத்தலைவர் எத்திராஜுலுவின் அறைக்குப் போனாள். அவர் தெலுங்குக்காரர், அமைதியான மனிதர், யாருடைய வம்புக்கும் போகாதவர். அவள் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டுரை அச்சான பிறகு பொய் என்று தெரிந்தால் யாருடைய பெயர் போகும்?" என்று தெலுங்கில் கேட்டார். "மாணவி பெயரை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? உங்கள் பெயர்தான் போகும். எனக்கு ஒரு மெயில் போட்டு வையுங்கள். சந்தேகம் என்று மட்டும் எழுதினால் போதும். நாளைக்கு நான் மலைக்குப் போகிறேன், அதற்குள் அனுப்பிவிடுங்கள்."

"ஒரு தடவை அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டு..."

"பேசுங்கள். யார் வேண்டாம் என்றது? மெயில் உங்கள் பாதுகாப்புக்கு."

நான்கே வரிதான். மாணவி சந்தியாவின் ஆய்வு முடிவுகள் நம்பத்தக்கவையா என்பதில் எனக்கு ஐயம் எழுந்துள்ளது என்று ஆரம்பித்தாள். அனுப்பியதும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி படியிறங்குவதற்குள் போய்விட்டது.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகச் சித்தூர் பஸ் ஏறினாள். சந்திரகிரி தாண்டியதும் சாலையில் மாங்காய் டிராக்டர்கள் வர ஆரம்பித்தன. ஒன்றின் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டே போனது. என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று நளினி மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் அது போலீஸ் கேட்கிற மாதிரிதான் வந்தது.

சித்தூர் பஸ் நிலையத்தில் இறங்கி, சந்தியாவின் அப்பா முனிகிருஷ்ணனுக்கு ஃபோன் செய்தாள். போன வருஷம் சந்தியாவுக்கு டெங்கு வந்தபோது வாங்கி வைத்த எண். வீட்டைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று இவ்வளவு நாள் அவருக்குப் பேசாமல் இருந்தாள்.

"மேடமா? சொல்லுங்க மேடம்" என்றார் அவர். பின்னால் டிராக்டர் சத்தம். "பாப்பா இங்கதான் என்கூட இருக்குது. மாங்கா பல்ப் பேக்டரிகிட்ட லைன்ல நின்னுகினு இருக்கோம். முந்தாநாள்லேர்ந்து இங்கியே தான்."

ஆட்டோ பிடித்துப் போனாள். மாம்பழக் கூழ் தொழிற்சாலையின் கேட்டிலிருந்து சாலையோரமாகக் கண்ணுக்கெட்டிய வரை தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள். பழுக்கிற வாசனையும் அழுகுகிற வாசனையும் கலந்து காற்றே கனத்திருந்தது. வண்டிகளின் நிழலில் ஆட்கள் படுத்திருந்தார்கள். சந்தியா ஒரு டிரெய்லரின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நளினியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகம் வெளிறிவிட்டது.

முனிகிருஷ்ணன் தோளில் கிடந்த துண்டால் ஒரு காலிப் பழப்பெட்டியைத் தட்டித் துடைத்துப் போட்டார். "உக்காருங்க மேடம். குத்தகைக்கு எடுத்த தோப்பு. பறிச்சிட்டா பழம் தாங்காதே, இங்க வந்து காத்துக்கினு கிடக்கணும். ஏதாச்சும் துன்னீங்களா? டீ கொண்டாறேன் இருங்க."

அவர் டீக்கடைப் பக்கம் போனார்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றாள் நளினி.

"காய்ச்சல் இல்ல மேடம். பொய் சொன்னேன்."

இதோ வருகிறது என்று நளினி நினைத்தாள். "வேற இன்னா பொய்?"

"அது ஒண்ணுதான்." என்றாள் சந்தியா. "எனக்கு வரல மேடம். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எத்தினி தபா கலந்தேன்னே தெர்ல. லேசா ஒரு பச்சை வருது, அவ்ளோதான். டிசம்பர்ல எப்படி வந்துதுன்னு எனக்கே புரியல. உங்களுக்கு எப்படிச் சொல்றது? உங்க வேலையே இதுலதான் இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஃபோனைப் பாத்தாலே பயமா இருந்துது, ஆஃப் பண்ணிட்டேன்."

இது உண்மையா, இதுவும் ஒரு ஏற்பாடா என்று நளினியின் மனம் இன்னமும் எடைபோட்டுக்கொண்டிருந்தது. ஃபோனை எடுத்து அந்த இரண்டு படங்களையும் காட்டினாள். "இது ரெண்டுலயும் ஒரே மடிப்பு இருக்கே."

சந்தியா படத்தைப் பார்த்தாள். அப்புறம் நளினியைப் பார்த்தாள். அந்தப் பார்வை உடனே விலகவில்லை.

"ஒரே தாள்தான் மேடம் அது. ஒண்ணு இந்த ஓரம், இன்னொண்ணு அந்த ஓரம். நடுவுல மடிப்பு ரெண்டுலயும் வரும். படத்துக்குக் கீழ அப்படித்தான் எழுதியிருக்கேன். நீங்கதான் படிச்சிட்டு ஓகே சொன்னீங்க."

நளினி விரலால் தள்ளிப் பார்த்தாள். எழுதியிருந்தது. சின்ன எழுத்தில், தெளிவாக.

முனிகிருஷ்ணன் டீ கொண்டுவந்தார். மூன்று பேரும் குடித்தார்கள். முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது. அவர் ஓடிப்போய் டிராக்டரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். அதற்குள் நளினி கேட்டாள்: "தண்ணி மாத்திப் பாத்தியா?"

"மாத்தினேன். உப்பு அளவு மாத்தினேன். சூட்டைக் கூட்டிக் கொறைச்சுப் பாத்தேன். மூணு கை மாலிக்யூலைப் புதுசா பண்ணேன். எல்லாத்தையும் மாத்திட்டேன் மேடம், வளையம் ஒண்ணைத் தவிர."

"அதை ஏன் விட்டே?"

"டிசம்பர்ல போட்டது நான் பண்ண வளையம். அது தீர்ந்துபோற மாதிரி இருந்துது. அப்பதான் நான் பெங்களூருக்கு டிரெயினிங் போனேன், நீங்க புதுசா பண்ணி வச்சீங்க. அதைத்தான் இப்ப போட்டுக்கினு இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, சாதாரணமாகச் சொன்னாள்: "நீங்க பண்ணதாச்சே. அதுல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணல."

நளினி காலி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

மார்ச்சில் அவள்தான் அந்த வளையங்களைக் காய்ச்சினாள். காய்ச்சும்போது ஒரே அளவு வளையம் வராது. எட்டுக் கண்ணி வளையத்தோடு ஏழு கண்ணி வளையமும் சேர்ந்துதான் வரும். திரும்பத் திரும்பப் படிகமாக்கிச் சின்னதைப் பிரித்து எடுக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. தேர்வுத்தாள் திருத்தும் அவசரத்தில் அவள் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். தூய்மையைச் சோதித்த வரைபடத்தில் கலப்பைக் காட்டும் சில சிறு முனைகள் ஓரமாகத் தெரிந்தன. பரவாயில்லை என்று விட்டதும் ஞாபகம் வந்தது. ஏழு கண்ணி வளையத்தில் ஒரு கைதான் நுழையும். நுழைந்த கையை அது லேசில் விடாது. அப்படிக் கை மாட்டிக்கொண்ட மூலக்கூறு பக்கத்து மூலக்கூறோடு சேர முடியாது. சேரவில்லை என்றால் தேன்கூடு ஏது, தாள் ஏது?

"உன் வளையம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கா?"

"அடியில ஒட்டிக்கினு இருக்கும். ஒரு குப்பிக்கு வரும்."

"இப்பவே போலாம், வா."

சந்தியா அப்பாவைப் பார்த்தாள். "நீ போ பாப்பா" என்றார் முனிகிருஷ்ணன். "லைன்ல நிக்கிறதுக்குப் பிஎச்.டி. எதுக்கு? நான் பாத்துக்கிறேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் சந்தியா சன்னலோரம் உட்கார்ந்து, பல நாள் தூங்காதவள் போலத் தூங்கிப்போனாள். நளினி எத்திராஜுலுவுக்கு ஃபோன் செய்தாள். அணைந்திருந்தது. மறுபடி செய்தாள். மலை மேல் தரிசன வரிசைக்குப் போவதற்கு முன்னால் ஃபோனை ஒப்படைத்திருப்பார். எப்போது வெளியே வருவார் என்று பெருமாளுக்குத்தான் வெளிச்சம். அந்த மெயில் இன்னும் அவர் பெட்டியிலேயே இருக்குமா, இல்லை வேறு யாருக்காவது போய்விட்டதா? பக்கத்தில் தூங்குகிறவளின் தலை பஸ் குலுங்கும்போதெல்லாம் நளினியின் தோளில் வந்து பட்டது. எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தாள். தன் சந்தேகம் பொய்யென்று உறுதியாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அது கோழைத்தனம் என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

ஆய்வகத்தில் யாரும் இல்லை. சந்தியா தன் பழைய குப்பியைத் தட்டித் தட்டி, ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை எடுத்தாள். எடைபோட்டாள், தண்ணீரில் கரைத்தாள், மூன்று கை மூலக்கூறைச் சேர்த்துச் சூடு காட்டி, மெல்ல ஆறுவதற்காக வைத்தாள். அவள் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. நளினி பார்த்துக்கொண்டே நின்றாள். இவளையா சந்தேகப்பட்டோம் என்று தோன்றியது. கூடவே, ஒளிராவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் விடவில்லை.

ஆறிக்கொண்டிருந்தபோது எத்திராஜுலு கூப்பிட்டார்.

"ஏமண்டி மேடம், இத்தனை கால் வந்திருக்கிறதே?"

நளினி நடந்ததைத் தெலுங்கில் வேகவேகமாகச் சொன்னாள். அந்த மெயிலை மறந்துவிடுங்கள் என்றாள்.

"அதை நேற்றே ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்பிவிட்டேனே" என்றார் அவர். "இந்த மாதிரி விஷயத்தை நான் கையில் வைத்திருக்க முடியுமா? கமிட்டி போடுவார்கள். உண்மையாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன பயம்? பர்வாலேது, பரவாயில்லை விடுங்கள்."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சந்தியா கையுறையைக் கழற்றாமல் நின்றிருந்தாள். சித்தூர்ப் பெண்ணுக்குத் தெலுங்கு தெரியாதா?

"இன்னா மெயில் மேடம்?"

நளினி சொன்னாள். எதையும் குறைக்காமல் சொன்னாள். சாயம் கலந்திருப்பாளோ என்று நினைத்ததையும் சொன்னாள்.

"எப்ப அனுப்பினீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"அப்போ காலைல எங்க நைனா வாங்கினு வந்த டீயைக் குடிச்சீங்களே, அப்பவே போயிருச்சு."

"ஆமா."

"பஸ்ல என் பக்கத்துல உக்காந்தப்பவும்."

"ஆமா சந்தியா."

சந்தியா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நளினி நாற்காலியில் உட்கார்ந்தாள். போகட்டும், போனால் கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் அந்தக் கோடிவரை போனது, நின்றது, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. முகம் கழுவியிருந்தாள்.

"ஆறியிருக்கும்" என்றாள். "பாக்கலாம்."

இருட்டறையில் விளக்கைப் போட்டதும் குப்பி ஒளிர்ந்தது. மங்கலும் இல்லை, சந்தேகமும் இல்லை. டிசம்பரில் பார்த்த அதே பச்சை. நளினி மேசையைப் பிடித்துக்கொண்டாள். சந்தியாவின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"நீங்களும் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"ரிஜிஸ்ட்ரார்கிட்ட அதைச் சொல்லுங்க."

நளினி சொன்னாள். அடுத்த வாரம் அளந்து பார்த்ததில், அவள் காய்ச்சிய பொடியில் கால் பங்கு ஏழு கண்ணி வளையம் இருந்தது தெரிந்தது. புதிய குப்பியின் தாளையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து உறுதி செய்தாகிவிட்டது. தவறு தன்னுடையது, மாணவி மீது ஒரு குறையும் இல்லை என்று எல்லாவற்றையும் சேர்த்து ரிஜிஸ்ட்ராருக்கு எழுதினாள். ஆனால் அமைத்த கமிட்டி கூடித்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

கமிட்டி கூடிய அன்று சந்தியாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் நளினி உட்கார்ந்திருந்தாள். துணைக்கு வந்த முனிகிருஷ்ணன் வெள்ளைச் சட்டை போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து குரல்கள் கேட்டன, வார்த்தை பிடிபடவில்லை. ஒருவர் மட்டும் உரக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தியாவின் குரல் இடையில் ஒரு தடவை உடைந்தது போல இருந்தது.

"பரீட்சையா மேடம்?" என்றார் முனிகிருஷ்ணன். "பாப்பா ஒண்ணுமே சொல்லல. ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு இருந்துச்சு. நல்லாதானே படிக்குது?"

ஆமாம், பரீட்சைதான் என்று சொல்லிவிடலாம். அவர் நம்பியிருப்பார். நளினி இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டாள்.

"பரீட்சை இல்லைங்க. அவ தப்பு பண்ணிட்டாளோன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். தப்பு நான் பண்ணது. அதுக்கு அவளைக் கேள்வி கேட்டுக்கினு இருக்காங்க."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பாப்பாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

அவர் எழுந்து தள்ளி உட்காரவில்லை. கதவு திறக்கும்வரை இருவரும் அதே பெஞ்சில் இருந்தார்கள்.

சந்தியா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, நடை நேராக இருந்தது. "முடிஞ்சுது நைனா, போலாம்" என்றாள். நளினியிடம், "திங்கக்கிழமை வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குற்றம் எதுவும் இல்லை என்று கமிட்டி எழுதியது. மாணவியின் மேல் ஆராயாமல் புகார் கொடுத்ததாக நளினி பற்றி ஒரு வரி எழுதியது. அதனால் அவள் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். முதல் பெயர் சந்தியாவுடையது.

இதெல்லாம் பிற்பாடு நடந்தது; சொன்னபடியே அந்தத் திங்கட்கிழமை சந்தியா வந்தாள். புதிதாக வளையம் காய்ச்ச ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவை படிகமாக்கும்போதும் நளினியின் அறைக் கதவைத் தட்டி, "வந்து பாத்துட்டுப் போங்க மேடம்" என்றாள். குரலில் மரியாதைக் குறைவு துளியும் இல்லை. நளினி கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.